அக்கா கல்யாணத்துக்கு நான் வாங்கிய கெக்

மாறா,

அந்தப் பெரிய கெக்கை, அந்த எஃகு பியர்ப் பீப்பாயை, வாங்காதே. ஏற்கெனவே வாங்கிவிட்டாயென்றால் அதன் கழுத்தில் ஸ்க்ரூடிரைவரை வைக்காதே. நீ எதையும் முழுக்கப் படிக்கிறவன் இல்லை என்பதால் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிட்டேன். மீதியைப் பொறுமையாகப் படி. கோயில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் நீ கற்ற தமிழுக்கு இந்தக் கடிதம் நீளம்தான். வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதே. எங்கேயாவது எழுத்து தடுக்கினால் வாய்விட்டுப் படி, காதுக்குப் புரிந்துவிடும்.

முந்தாநாள் நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று தடவை கேட்டேன். பாதி பர்மி, பாதி தமிழ், நடுவில் பினாங்கு பஸ்ஸின் இரைச்சல். "அப்பா, அக்கா கல்யாணத்துக்கு நீங்க வாங்கினீங்கல்ல, அதே மாதிரி பெரிய கெக் இங்க பழசு ஒண்ணு கிடைக்குது. மேல இருக்கிற வால்வக் கழட்டிக் கழுவிட்டு நம்ம பியர ஊத்திக்கலாம்னு பாக்கிறேன். நீங்க எப்படிக் கழட்டினீங்க? சனிக்கிழம எடுக்கப் போறேன்."  வேண்டாம் என்று உடனே பதில் போட்டேன். "ஏன்? உங்களுக்கு நல்லாத்தானே வேல செஞ்சது" என்று எழுதி ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டாய். போன் செய்தேன். நீ எடுத்தாய், நான் ஆரம்பித்தேன், இங்கே கரண்ட் போய் லைனும் போனது. அறுந்த போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். "கத்தினா அவனுக்கு எப்படித் தெரியும்? நடந்ததச் சொல்லுங்க" என்று பர்மியில் சொல்லிவிட்டு மறுபடி பூண்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தாள் தாளாக உன் அக்கா தேவி படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். இன்று வியாழக்கிழமை. சனிக்கிழமைக்குள் நீ படித்துவிட வேண்டும்.

நடந்தது இதுதான். உன் அக்கா கல்யாணத்தில் உன் பியரை யாரும் குடிக்கவில்லை. வீடியோவில் எல்லோரும் உன்னைப் பார்த்துத் தூக்கிக் காட்டிய குவளைகளில் இருந்தது கடையில் வாங்கிய பியர். உன் மச்சான் கூட்டாளிகள் கேட்டுக் கேட்டுக் குடித்தார்கள், கடைசிச் சொட்டு வரை போய்விட்டது என்று நான் சொன்னதெல்லாம் பொய். இரண்டு வருஷமாக அந்தப் பொய்யை நான்தான் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். அது வளர்ந்து இப்போது உன்னை ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

நீ கிளம்பிய வாரத்தை நினைத்துப் பார். எதற்காகக் கிளம்பினாய் என்று எழுத வேண்டியதில்லை, பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிற இந்த ஊரில் உன் வயதுப் பையன் இருக்கிற எல்லா வீட்டுக்கும் அது தெரியும். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. உன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளை வாளி, மூடியில் சொருகிய குழாயோடு, மூன்று வாரமாகப் புளித்து அடங்கிக்கொண்டிருந்தது. மண்டபத்தில் டீயும் கேக்கும் முடிந்தபிறகு சாயங்காலம் வீட்டுக்கு வருகிற கூட்டாளிகளுக்கு அக்கா கையால் இதைப் பிடித்துக் கொடுக்கச் சொல்ல வேண்டும் என்று நீதான் திட்டம் போட்டாய். கெக் தருவதாகச் சொன்ன உன் நண்பனும் உனக்கு முன்னாலேயே ஊரைவிட்டுப் போய்விட்டான். நீ போகும்போது ஒரு தாளில் பர்மியில் எழுதி வைத்துவிட்டுப் போனாய்: சின்னதாக வாங்குங்கள், கை உள்ளே போகிற முட்டை வடிவ மூடி இருக்க வேண்டும், மூடியில் இழுத்துவிடுகிற வளையம் இருக்க வேண்டும், கடைகளில் இருக்கிற பெரிய கெக் வேண்டவே வேண்டாம். தாய்லாந்து எல்லை தாண்டிய பிறகு போன் செய்து, நீ பத்திரமாக இருக்கிறாய் என்பதைச் சொல்வதற்கு முன்னாலேயே, "அப்பா, அந்தத் தாளப் பாத்தீங்களா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்று தெரியாமல் இரண்டு ராத்திரி நாங்கள் தூங்கவில்லை, நீ பீப்பாயைப் பற்றிப் பேசினாய். "நாப்பது வருஷமா கேஸ் சிலிண்டரோட கெடக்கிறவன்டா நான். எனக்கு எழுதிக் குடுக்கிறியா?" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

உன் தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் பசுந்தாங்குக்குப் போனேன். என் ஒர்க்ஷாப்புக்கு இரண்டு தெரு தள்ளி, பழைய எஃகுச் சாமான் விற்கிறவரிடம் அந்தப் பெரிய கெக் நின்றது. ஐம்பது லிட்டர். துடைத்தால் முகம் தெரியும். அதற்குப் பக்கத்திலேயே நீ எழுதிய மாதிரிச் சின்னது ஒன்றும் இருந்தது, கறுப்பு ரப்பர் அடியும் ரப்பர் கைப்பிடியுமாக, பழைய சோடாக் கம்பெனிச் சரக்கு. அது எனக்குப் பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் டின் மாதிரி இருந்தது. சம்பந்தி வீட்டார் தாகேதாவிலிருந்து வருகிறார்கள், அவர்கள் கண்ணுக்கு முன்னால் மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ஊற்றிக் கொடுப்பதா என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால் நீ சொன்னதை அப்படியே வாங்குவதும் எனக்குப் பிடிக்கவில்லை. "ஐயா, அது காலிதான், உள்ள ஒண்ணும் இல்ல" என்று கடைக்காரர் பெரிய கெக்கைத் தட்டிக் காட்டினார். நான் தூக்கிப் பார்த்தேன், அடியில் ஏதோ கொஞ்சம் அலைந்தது. பழைய பியர் மிச்சம் என்று நினைத்தேன். மிச்சம் இருக்கிறது என்றால் அழுத்தமும் இருக்கும் என்று ஒரு ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குத் தெரியாதா? தெரியும். வாடிக்கையாளர் வீட்டில் ஒரு கம்ப்ரஸரைக் கழற்றுவதற்கு முன்னால் நான் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டாமல் இருந்ததே இல்லை. அன்றைக்கு என் வீட்டில் அவசரம், மனசு கெட்டுப்போயிருந்தது, உன் மேல் கோபம். இதையெல்லாம் காரணமாகச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு, நம் தாமுவே வீட்டில் பின்பக்கம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் அதைத் திறக்க உட்கார்ந்தேன். அந்த மாதிரிக் கெக்கில் நீ கை விட மூடியே கிடையாது. நடுவில் ஒரு கழுத்து, கழுத்துக்குள் ஸ்பிரிங் வைத்த வால்வு, வால்வோடு சேர்ந்து அடிவரை போகிற நீளக் குழாய். அத்தனையையும் ஒரு மெல்லிய இரும்பு வளையம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுவ வேண்டும் என்றால் வளையத்தை நெம்பி எடுத்து, குழாயைத் திருகி உருவ வேண்டும். அதற்கு முன்னால் வால்வை அமுக்கி உள்ளே இருக்கிற கேஸை முழுக்க வெளியே விட வேண்டும். நானும் அமுக்கினேன். சீறிக்கொண்டு புளித்த நாற்றமும் நுரையும் வந்தது. கரண்ட் இல்லை, கீழ்வீட்டு ஜெனரேட்டர் எங்கள் ஜன்னலுக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்தில் சீறல் நின்றதா இல்லையா என்று எனக்குக் கேட்கவில்லை. நின்றுவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். தேவி என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்து போன் வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள். "அப்பா, தம்பி பெரிசு வேணாம்னு எழுதியிருந்தானே" என்றாள். "வெளிச்சத்த ஒழுங்காக் காட்டு" என்றேன்.

வளையம் வெளியே வந்தது. குழாயை அரைத் திருகு திருகினேன். அவ்வளவுதான். அது என் கையிலிருந்து போனதை நான் பார்க்கவே இல்லை. மேலே காங்கிரீட்டில் இடித்த சத்தம் கேட்டது, சிமெண்டுத் துண்டுகள் விழுந்தன, பிறகு அந்தக் குழாய் திரும்பி வந்து அக்காவின் நெற்றியில் விழுந்தது. இடது புருவத்துக்கு மேலே, ஒரு விரல் நீளம். இன்னும் ஒரு விரல் கீழே என்றால் கண். நேராக மேலே போகும்போது அவள் முகம் அந்தப் பாதையில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுத மாட்டேன்.  போன் கீழே விழுந்து அதன் வெளிச்சம் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி எரிந்துகொண்டிருந்தது. இருட்டில் என் கைலியில் சூடாக ஏதோ பட்டது, பியர் என்று நினைத்துத் தடவினேன்.

டாக்சியில் உன் அம்மா தன் துண்டால் அவள் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு தையல் போட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை கோ மின்னும் அவர் அம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா நல்லவர்தான், ஆனால் பயந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் ரத்தம் விழுந்திருக்கிறது, ஒரு மாசம் தள்ளிவைத்து நாள் பார்க்கலாமா என்று உன் அம்மாவிடம் கேட்டார். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. தேவி கட்டோடு வெளியே வந்தாள். அவள் காதில் விழுந்துவிட்டது. "தள்ளி வெச்சாலும் தழும்பு இருக்கும் அமே. இதோட இருக்கிறவளத்தான் உங்க புள்ள கட்டப் போறாரு. இப்பவே கட்டட்டும்" என்று பர்மியில் அவரிடம் சொன்னாள். கோ மின் அவள் செருப்பைக் குனிந்து எடுத்து அவள் காலுக்கு நேராக வைத்தார். அந்த மனுஷரை மாப்பிள்ளை என்று நான் மனதார நினைத்தது அப்போதுதான்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தது அக்காதான். "தம்பி அங்க தனியா இருக்கான். தன்னோட பியராலதான் இப்படி ஆச்சுன்னு அவன் நெனச்சுக்குவான்" என்றாள். சரி என்று நான் தலையாட்டினேன். உனக்காக என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் என் மானம் தப்பியதில்தான் எனக்கு நிம்மதி. கல்யாணத்தன்று அவள் முன்முடியை வெட்டி நெற்றியில் இறக்கிவிட்டிருந்தாள். வீடியோவில் பார்த்துவிட்டு நீ "அக்கா, என்ன இது கொரியாக்காரி மாதிரி?" என்று கேலி செய்தாய். அவள் சிரித்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று, "உன் பியர்தாண்டா எல்லாரும் குடிக்கிறாங்க" என்றேன். நீ கேமராவை அணைத்துவிட்டாய். திரும்ப வந்தபோது உன் மூக்கு சிவந்திருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

உன்னோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நீ முதல் முதலாகக் காய்ச்சியபோது அலமாரியில் பாட்டில்கள் வெடித்தன, ஞாபகம் இருக்கிறதா? உன் அம்மாவின் புத்தர் படத்துக் கண்ணாடி உடைந்தது. "என் வீட்டில சாராயக் கடை வைக்கிறியா?" என்று அக்கம்பக்கம் கேட்க நான் கத்தினேன். நீ கண்ணாடியைக் கூட்டி அள்ளினாய். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "சர்க்கரைய அளக்காம போட்டுட்டேன்ப்பா, என் தப்பு" என்றாய். அதோடு பாட்டிலே வேண்டாம், பாட்டில் கணக்குத் தப்பினால் வெடிக்கும், கெக் என்றால் கேஸைத் திறந்துவிடலாம் என்று சொல்லி வருஷக்கணக்கில் படித்துக்கொண்டிருந்தாய். தப்பை ஒப்புக்கொள்கிற மனசு இருபது வயதில் உனக்கு ஒரே ராத்திரியில் வந்தது, அறுபத்திரண்டு வயதில் எனக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகும் இப்போதுதான் வருகிறது. அதுவும் நீ அதே பீப்பாயை வாங்கப் போகிறாய் என்பதால்.

ஆகவே இப்போது நான் சொல்வதைக் கேள். இதெல்லாம் உன் தாளில் நீயே எழுதியதுதான், ஆனால் நான் அக்காவுக்குக் காயம் பட்ட பிறகு அதை மறுபடி படித்தவன். தையல் பிரித்த அன்று அதே கடைக்காரரிடம் போய் அந்தச் சின்னக் கெக்கை அரை மணி நேரம் கையில் வைத்துப் பார்த்தேன். அதன் மூடி உள்பக்கத்திலிருந்து அடைக்கிறது. உள்ளே கேஸ் இருக்கும்வரை அந்த அழுத்தமே மூடியை மேல்நோக்கி இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது, நீ மடையனாக இருந்தாலும் அது திறக்க விடாது. மூடி வளையத்தை இழுத்தால் சீறி அடங்கும், அடங்கிய பிறகுதான் மூடி கீழே இறங்கும். பெரியதில் இந்தத் தயவு இல்லை. பத்தொன்பது லிட்டர் போதும், நீ ஒரு தடவை காய்ச்சுவதே அவ்வளவுதானே. தனியாளாக மாடிக்குத் தூக்கலாம், ஃப்ரிட்ஜில் ஒரு தட்டை எடுத்தால் நிற்கும், கரண்ட் போனால் ஐஸ் வாளியில் வைக்கலாம். அறையில் இடம் இல்லை என்றால் பாதி அளவில் இரண்டு வாங்கு. ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும்.

பழசு வாங்கினால் வயிற்றில் நெளிவு இருக்கிறதே என்று பார்க்காதே, மூடி உட்காருகிற விளிம்பில் நெளிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். இருந்தால் விலைகூடக் கேட்காமல் வந்துவிடு, அது எந்த ரப்பருக்கும் அடைபடாது. ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போடு. பழைய சோடா வாசனை எஃகில் தங்காது, ரப்பரில்தான் தங்கும். மேலே இரண்டு முனை இருக்கும், ஒன்றில் கேஸ் உள்ளே போகும், இன்னொன்றில் பியர் வெளியே வரும், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். பார்த்து மாட்டு, பலவந்தம் பண்ணாதே. மாட்டுகிற தலைகளிலும் இரண்டு ஜாதி உண்டு, குண்டு வைத்தது ஒன்று, பக்கவாட்டில் ஊசி நீட்டியது ஒன்று. கெக் எந்த ஜாதியோ அதே ஜாதியில் தலை வாங்கு. எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று உடம்பில் அடித்திருப்பார்கள், அந்த எழுத்து தேய்ந்து படிக்க முடியாததை வாங்காதே. பியர் ஊற்றுவதற்கு முன்னால் வெறும் கேஸை ஏற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, குமிழி வருகிறதா என்று ஒரு நாள் விட்டுப் பார். இதையெல்லாம் நான் ஏசிக் குழாய்களில் தினமும் செய்கிறவன். வீட்டில்தான் செய்யவில்லை.

அந்தப் பெரிய கெக்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னொருத்தர் வீட்டுக்குப் போகக்கூடாது என்று கழுத்தை கிரைண்டரில் அறுத்துப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

தேவி தாகேதாவிலிருந்து மத்தியானமே வந்துவிட்டாள். இந்தத் தாள்களை எல்லாம் என் எதிரில் உட்கார்ந்து படித்தாள். "ஏழு தையல்னு எழுதணுமாப்பா? அவன் அழுவான்" என்றாள். எழுத வேண்டும் என்றேன். முன்முடியை ஒதுக்கி, போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துத் தானே ஒரு படம் எடுத்துக்கொண்டாள். கடிதத்துக்குப் பிறகு அதையும் அனுப்புவாளாம். பார். பெரிதாக ஒன்றும் இல்லை, வெள்ளைக் கோடு போல இருக்கிறது. பார்த்துவிட்டு அவளிடம் முதலில் பேசு, என்னிடம் அப்புறம் பேசினால் போதும். நீ என்னைத் திட்டினால் நான் போனை வைக்க மாட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இது தேவிக்கும் தெரியாது, இப்போதுதான் படிக்கப் போகிறாள். உன் வாளி விபத்தில் ஒன்றும் ஆகவில்லை. மூடி மூடியபடி அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அவளைப் படுக்க வைத்துவிட்டு, உன் அறைக்குப் போய் அதை இழுத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் இதனால்தான் என்று அதன் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். அம்மாவிடமும் அக்காவிடமும் அது கெட்டுப்போயிருந்தது என்று சொன்னேன், இதுவரை அப்படித்தான் நம்புகிறார்கள். கெட்டுப்போகவில்லை. கொட்டுவதற்கு முன்னால் அடிக்குழாயைத் திறந்து ஒரு குவளை பிடித்துக் குடித்தேன். கேஸ் ஏறவில்லை, குளிர்ச்சியும் இல்லை, ஆனாலும் வாயில் வைத்ததும் தெரிந்தது. அளவான கசப்பு, பின்னால் வறுத்த தானியத்தின் மணம். நல்ல பியர், மாறா. நீ காய்ச்சியதை நான் குடித்தது அது ஒரு தடவைதான். நல்லது என்று தெரிந்துகொண்டேதான் மிச்சம் அத்தனையையும் சாக்கடையில் ஊற்றினேன்.

அப்பா